கேட்போரும் பயனும்: சின்னாளப்பட்டியிலிருந்து ஆங்கிலப் பாடநூல்களை வாசித்தல்

சென்ற ஆண்டு இளங்கலை முதலாண்டு வகுப்பில் நன்னூற் பாயிரம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதுகிறவர் அந்நூலைக் குறித்துச் சொல்லியாக வேண்டியவை எவை என்று பவணந்தி முனிவர் ஒரு வரையறை தருகிறார். நூலை ஆக்கியவர் யார், அது எதன் வழிவந்தது, எந்த நிலத்தில் வழங்குகிறது என்பவற்றோடு, அந்நூலைக் கேட்கத் தகுந்தவர் யார், கேட்டவர் அடையும் பயன் யாது என்பவையும் அதில் அடங்கும். கேட்போர், பயன் என்ற இவ்விரண்டையும் விளக்கிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பத்துப் பையன்.

“ஐயா, அப்படிப் பாத்தா எங்க இங்கிலீஷ் புக்குக்குக் கேட்போர் யாருங்க ஐயா?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பதில் சொல்லத்தான் தெரியவில்லை.

மறுநாள் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வாரத்துக்குள் அவரவர் வீட்டுக்குள் வந்து சேரும் ஆங்கில எழுத்துள்ள தாள் எதுவாயினும் எடுத்து வரவேண்டும். கைப்பேசியில் வருவனவற்றைப் படியெடுத்து வரலாம். தமிழாசிரியர் ஆங்கிலத் தாள் கேட்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கொண்டு வந்தார்கள். நூற்கட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டு, மாத்திரை அட்டை, சரக்கு சேவை வரி எண்ணுடன் கூடிய ரசீது, கூரியர் உறை, மகளிர் குழுக் கடன் அட்டை, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் ஆகியவை என் மேசையில் குவிந்தன. ஒரு மாணவி சாயப் பொட்டலத்தின் வெற்று உறையைக் கொண்டுவந்திருந்தார். அதன் பின்புறத்தில் சிறிய எழுத்தில், கையுறை அணிந்து கையாள வேண்டும், கண்ணில் பட்டால் உடனே நீரால் கழுவ வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அவருடைய தந்தை பல ஆண்டுகளாக அந்தச் சாயத்தை வெறுங்கையால் கரைத்து வருகிறவர்.

“இதை நீங்கள் படித்ததில்லையா அம்மா?” என்று கேட்டேன்.

“எழுத்துக் கூட்டினா படிச்சிரலாம் ஐயா. ஆனா இதைப் படிக்கணும்னு ஒருநாளும் தோணினதில்ல.”

பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் பயின்று, தேர்ச்சியும் பெற்று வந்தவர் அவர். ஆங்கிலம் என்பது தேர்வுக்குரிய நூலுக்குள் இருப்பது, வீட்டுச் சாயப் பொட்டலத்தின் மேல் இருப்பதும் அதே மொழிதான் என்ற எண்ணம் அவருக்கு எழ அந்த நூல்கள் இடம் தரவில்லை. இந்தக் கட்டுரை அந்த மாணவர் கேட்ட கேள்விக்கும் இந்த மாணவி சொன்ன பதிலுக்கும் இடையே உள்ள வரலாற்றைத் தேடிச் செல்ல முயல்கிறது. நான் ஆங்கிலத் துறையைச் சேர்ந்தவனல்லன். பவணந்தி கொடுத்த இரண்டு அளவுகோல்களே என் கையிருப்பு.

*

ஆங்கிலம் வருவதற்கு முன் நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி இருந்தது. வாய்ப்பாட்டையும் பின்ன அளவுகளையும் பிள்ளைகள் பாராமல் ஒப்பித்தார்கள். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நிகண்டும் கூட இருந்தன. அந்தக் கல்வியைப் பொற்காலமாக்கிப் பேச நான் விரும்பவில்லை. யார் திண்ணையில் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்ற வேலி அதைச் சுற்றி இருந்தது. ஆனால் எண்சுவடிக்குக் கேட்போர் யார் என்பதில் ஐயமே இருந்ததில்லை. நாளை கடையில் கணக்கு எழுதப்போகிறவன், நிலத்தை அளக்கப்போகிறவன்.

ஆங்கிலப் பாடநூலுக்கும் தொடக்கத்தில் அத்தகைய தெளிவு இருந்தது. 1835இல் மெக்காலேயின் குறிப்பும், அதையொட்டி பெண்டிங்க் அரசு எடுத்த முடிவும் வந்தன. 1844இல் ஆளுநர் தலைவர் ஹார்டிஞ்ச், அரசுப் பணிகளில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார். 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கையும், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகமும் வந்தன. கேட்போர் இன்னார் என்பது வெளிப்படை. அரசு அலுவலகத்தில் அமர்ந்து கடிதம் வரையவும் தீர்ப்பைப் படியெடுக்கவும் கூடிய ஒரு சிறு கூட்டம். பயன் உத்தியோகம்.

அதற்கு அவர்கள் கொடுத்த நூல்கள் எவை என்று பார்த்தால் முதல் முரண்பாடு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கோல்டுஸ்மித்தின் கவிதை, லாம்ப் எழுதிய ஷேக்ஸ்பியர் கதைகள், இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கென்று அச்சான வாசகங்கள். 1890களிலிருந்து நெஸ்பீல்டின் இலக்கணம் வந்தது. 1930களில் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணநூல் அதனோடு சேர்ந்துகொண்டது. குமாஸ்தாவை உருவாக்க வேண்டிய கல்வி, இங்கிலாந்துக் கனவானின் படிப்பறையிலிருந்து நூல்களை இரவல் வாங்கியது. மாணவன் இரண்டையும் மனப்பாடத்தால் இணைத்தான். இன்றும் நம் வகுப்பறையில் நடப்பது அந்த இணைப்பின் தொடர்ச்சியே.

விதிவிலக்குகள் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக 1857இல் தேறியவர்கள் இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள். அவர்களுள் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளை பின்னாளில் ஏட்டுச்சுவடிகளிலிருந்து தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆங்கிலக் கல்வியில் பெற்ற பயிற்சியை அவர் தமிழுக்குத் திருப்பினார். பாடநூலை வகுத்தவர் எவரும் அந்தப் பயனைக் கருதியிருக்க மாட்டார். மறுபக்கம் பாரதி இருக்கிறார். திருநெல்வேலியில் தாம் பெற்ற ஆங்கிலக் கல்வியால் தந்தைக்குச் செலவும் தமக்குத் தீங்குமே மிஞ்சின என்று தம் சுயசரிதைக் கவிதையில் மனம் வெதும்பி எழுதினார். அதே பாரதி ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியைக் கொண்டாடி ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தின் மீது அவருக்கு வெறுப்பில்லை. தமக்கு அது புகட்டப்பட்ட முறையில்தான் கசப்பு.

ஆசிரியர் பக்கத்திலிருந்து இதே கசப்பை ஆர்.கே. நாராயணன் 1945இல் வெளியான ‘இங்கிலீஷ் டீச்சர்’ நாவலில் எழுதினார். ஆங்கில விரிவுரையாளனான அதன் நாயகன் கடைசியில் வேலையை விட்டுவிட்டுச் சிறுபிள்ளைகளின் பள்ளிக்குப் போய்விடுகிறான். எல்லோராலும் அப்படிப் போய்விட முடிவதில்லை.

*

பாடநூலைக் கையில் எடுத்து, இது இந்தப் பிள்ளைக்குப் பொருந்துமா என்று முறைப்படி அளந்து பார்த்தவர்களுள் முன்னோடி என்று மைக்கேல் வெஸ்ட்டைச் சொல்லலாம். ஆங்கிலேயர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளத்தை முன்னிறுத்தி இருமொழியம் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1926இல் வெளிவந்தது.

வெஸ்ட் முதலில் புழக்கத்திலிருந்த வாசகங்களின் சொற்களை எண்ணினார். புதுச்சொற்கள் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வருவதையும், அவற்றுள் பல மீண்டும் தலைகாட்டாமலே போவதையும் கண்டார். ஒரு சொல்லைக் கற்ற பிள்ளைக்கு அதை மறுபடி சந்திக்கும் வாய்ப்பே இல்லை. பிறகு தேவையைக் கேட்டார். வங்காளச் சிற்றூர்ப் பிள்ளை ஆங்கிலத்தில் யாரோடு பேசப்போகிறான்? பெரும்பாலும் யாரோடும் இல்லை. ஆனால் வேளாண்மை பற்றியும் உடல்நலம் பற்றியும் தன் மொழியில் இல்லாத செய்திகளை அவனால் படிக்க முடிந்தால் பயன் உண்டு. ஆகவே பேச்சைவிட வாசிப்பே முதலில் வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்கேற்ப அடிக்கடி வழங்கும் சொற்களை முன்னிறுத்தி, புதுச்சொற்களை இடைவெளிவிட்டுப் புகுத்தி, அவர் உருவாக்கிய வாசக வரிசை பல நாடுகளுக்குப் பரவியது.

அவர் முடிவோடு நாம் உடன்பட வேண்டும் என்பதில்லை. ஏழைப் பிள்ளைக்கு வாசிப்பு போதும் என்று வேறொருவர் தீர்மானிப்பதில் ஓர் ஆதிக்கக் குரல் ஒலிக்கத்தான் செய்கிறது. எனினும் அவர் கையாண்ட ஒரு கருத்து என்னை விடவேயில்லை. ஆயுள் காப்பீட்டில் ‘சரண்டர் வேல்யூ’ என்பார்கள். பாலிசியை முடிவுவரை கட்ட முடியாதவர் இடையில் திரும்பக் கொடுத்தால் கைக்குக் கிடைக்கும் தொகை அது. ஒரு பாடத்திட்டத்துக்கும் சரண்டர் மதிப்பு உண்டா என்று வெஸ்ட் கேட்டார். இறுதி வகுப்புவரை வருகிறவர் சிலரே. மற்றவர் மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ நின்றுவிடுகிறார்கள். அவர்கள் கட்டிய ‘பிரீமியத்துக்கு’ என்ன கிடைக்கிறது? படிப்பை முழுவதும் முடித்தவனுக்கு மட்டுமே பலன் தரும் நூல், இடையில் நின்றவனுடைய ஆண்டுகளை விழுங்கிவிடுகிறது.

என் மேசையில் குவிந்த தாள்களில் காப்பீட்டுப் பத்திரமும் ஒன்று என்றேன் அல்லவா? அந்தச் சொல் அதில் அச்சாகியிருந்தது. அதைக் கொண்டுவந்த மாணவருக்கு அது விளங்கவில்லை. பள்ளிப் படிப்பை ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் தறிக்குழியில் இறங்கிய அவர் தந்தைக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. பாலிசியை ஒருமுறை பாதியில் முறித்தவர் அவர்.

*

சின்னாளப்பட்டியை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், சிறுமலையின் அடிவாரப் பகுதியில் உள்ள பேரூர். சுங்குடிச் சேலைக்கும், ஒருகாலத்தில் தமிழகமெங்கும் பெண்கள் விரும்பிக் கட்டிய செயற்கைப் பட்டுச் சேலைக்கும் பெயர்போனது. இவ்வூர் நெசவாளர் வீடுகள் பலவற்றில் பேசப்படுவது தமிழன்று. கன்னடமும் தெலுங்கும் அங்கே அடுப்படி மொழிகள். தெருவில் தமிழ். பள்ளியில் தமிழோ ஆங்கிலமோ. மொழிக்கொள்கை குறித்து நாம் பேசும்போது தாய்மொழி, ஆங்கிலம் என்று இரண்டை மட்டும் எதிரெதிரே நிறுத்துகிறோம். இவ்வூர்ப் பிள்ளைக்கு நான் கற்பிக்கும் தமிழே சில வேளைகளில் இரண்டாம் மொழி. அந்தப் பிள்ளை ஐந்து வயதுக்குள் இரண்டு மொழிகளைப் பாடநூலின்றியே கற்று முடித்திருக்கிறது. மூன்றாவதைப் பாடநூல் கொண்டு கற்பிக்கும்போதுதான் தடுமாறுகிறது. இதை மொழியறிவுக் குறை என்று எப்படிச் சொல்வது?

ஊருக்கு அருகிலேயே காந்திகிராமம். 1947இல் மருத்துவர் சௌந்திரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் நிறுவியது. 1956இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் தொடங்கியது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் வேர் காந்தியடிகளின் ஆதாரக் கல்வியில் இருக்கிறது. 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய மாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து எல்லாப் பாடங்களையும் அதிலிருந்து கிளைக்கச் செய்யும் திட்டம் உருப்பெற்றது. நூற்கும்போதே கணக்கு வரும், பஞ்சின் வரலாற்றிலிருந்து நாட்டின் வரலாறு வரும். பிள்ளையின் வாழ்க்கையே பாடநூல் என்ற எண்ணம் அதைவிடத் தெளிவாகச் சொல்லப்பட்டதில்லை. ஆனால் அத்திட்டத்தில் ஆங்கிலத்துக்கு இடமில்லை. அன்றைய நிலையில் அதற்குக் காரணம் இருந்தது. தாய்மொழியின் இடத்தை ஆங்கிலம் பறித்துக்கொண்டிருந்த காலம் அது.

விளைவு ஒரு விந்தையான பங்கீடு. கைத்தொழிலைப் பாடமாக்கியவர்கள் ஆங்கிலத்தை விலக்கினார்கள். ஆங்கிலப் பாடநூலை எழுதியவர்கள் கைத்தொழிலை எட்டியும் பார்க்கவில்லை. தறியும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் சந்திக்கும் வாய்ப்பு சின்னாளப்பட்டியில்கூட அமையாமல் போயிற்று.

*

விடுதலைக்குப் பின் சென்னை மாநிலம் ஆங்கிலம் கற்பிப்பதில் இந்தியாவுக்கே சோதனைச் சாலையாக இருந்தது. 1952இல் இங்கு வகுக்கப்பட்ட பாடத்திட்டம் இலக்கியப் பகுதிகளைப் பின்னுக்குத் தள்ளி, வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தியது. இது பேனா, அது புத்தகம், நான் கதவை நோக்கி நடக்கிறேன் என்று செய்து காட்டிச் சொல்லவைக்கும் முறை. நம்மில் பலரும் அப்படித்தான் ஆங்கிலத்தின் முதற்சொற்களைக் கேட்டோம்.

அந்த முறைக்கு ஆசிரியர்களைப் பழக்க 1950களின் இறுதியில் ஒரு பெருமுயற்சி தொடங்கியது. தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி. சிலருக்குப் பயிற்சியளித்து, அவர்கள் பலருக்கு அளித்து, அவர்கள் மேலும் பலருக்கு அளிப்பது என்ற ஏற்பாடு. உருண்டு வரும் பனிப்பந்து பெருத்துக்கொண்டே போவதுபோல் அறிவு பெருகும் என்று எதிர்பார்த்து ‘சென்னைப் பனிப்பந்து’ என்றே அதற்குப் பெயர். பனியையே காணாத நிலத்துக்கு அந்தப் பெயர் சூட்டியதை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. கைமாறும்போதெல்லாம் கொஞ்சம் கரைவதுதான் நம் வெயிலில் பனியின் இயல்பு. முதலில் கற்றவரிடம் முறையின் நோக்கம் இருந்தது. கடைசியில் கற்றவரிடம் வாக்கியங்களை ஓதச்செய்யும் சடங்கு வந்து சேர்ந்தது.

ஆயினும் இம்முயற்சியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அது நடந்த காலத்தைப் பார்க்க வேண்டும். காமராசர் ஆட்சியில் சிற்றூர்தோறும் பள்ளிகள் பெருகின. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக எழுத்தின் வாசனையே படாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். கேட்போர் முற்றிலும் மாறிவிட்டார்கள். அவர்களுக்கு லாம்பும் கோல்டுஸ்மித்தும் உதவாது என்பதை வாக்கிய அமைப்பு முறை புரிந்துகொண்டது. பயன் என்ன என்ற கேள்வியில்தான் அது தடுக்கிற்று. பேனாவைக் காட்டி இது பேனா என்று சொல்ல அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கு வெளியே என்றேனும் ஒரு தேவை வருமா என்று அது கேட்கவில்லை.

1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு, 1968 ஜனவரியில் சட்டமன்றத் தீர்மானத்தின் வழி இருமொழிக் கொள்கை வந்தது. அதை நான் இன்றும் ஏற்கிறேன். ஆனால் அக்கொள்கை ஆங்கிலப் பாடநூலின் தோளில் ஏற்றிய பாரத்தை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை. தமிழகத்துக்கு வெளியே உள்ள உலகனைத்தையும் தொட ஒரே பாலம் அதுவென்றாகிவிட்டது. அதே காலத்தில் கோத்தாரி கல்விக்குழு உயர்கல்வியில் ஆங்கிலத்தை நூலக மொழியாகக் கண்டது. அதாவது உலக அறிவை நூல்வழிப் பெறுவதற்கான மொழி. பாலத்தில் நடப்பதற்கும் நூலகத்தில் அமர்வதற்கும் வேறுவேறு பயிற்சி வேண்டும். இரண்டுக்கும் ஒரே நூல் போதும் என்று நினைத்தோம்.

*

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990களில் இப்பகுதியின் ஒரு பள்ளியில் படித்தேன். ஆங்கிலம் என்றால் உரைநடை, செய்யுள், ‘நான்-டீடெயில்’ என்று மூன்று. மூன்றையும் நாங்கள் படித்ததில்லை. படித்தது நோட்ஸ். கேள்விகளில் எது வரும் என்று ஆசிரியர் வட்டமிட்டுக் கொடுப்பார். கட்டுரை ஒன்று, கடிதம் ஒன்று, மனப்பாடச் செய்யுள் ஒன்று. கதையின் நாயகன் இறந்தானா பிழைத்தானா என்றுகூடத் தெரியாமல் அவனுடைய குணநலன்களை ஒன்றரைப் பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

பிறகு தமிழ் முதுகலையில் சேர்ந்தேன். அங்கேதான் ஆங்கிலம் எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. 1856இல் வெளியான கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, சங்கக் கவிதை பற்றி ஏ.கே. ராமானுஜன் எழுதியவை என எதைத் தொட்டாலும் ஆங்கிலம். தமிழைப் படிக்க ஆங்கிலம் வேண்டியிருந்த அந்த வேடிக்கையை என் வகுப்புத் தோழர்கள் பலரும் அனுபவித்தார்கள். பத்தாண்டுக்கு மேல் ஆங்கிலம் பயின்ற நான் கால்டுவெல்லின் ஒரு பக்கத்தைக் கடக்க ஒரு முழு மாலையைச் செலவிட்டேன். என்னிடம் இல்லாதிருந்தது சொல்வளம் மட்டுமன்று. ஒரு நீண்ட பத்தியில் கருத்து எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று தேடிப் படிக்கும் பழக்கம் இல்லை. எந்தப் பாடநூலும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

இதைக் கேட்ட பாடநூல் ஒன்று தமிழகக் கல்லூரிகளில் இருந்திருக்கிறது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். என்.எஸ். பிரபுவும் டபிள்யூ.டபிள்யூ.எஸ். பாஸ்கரும் 1970களில் உருவாக்கிய ‘இங்கிலீஷ் த்ரூ ரீடிங்’. பகுதியைப் படி, அதனுள்ளேயே விடையைத் தேடு, சொல்லப்படாததை ஊகி என்று மாணவனை நூலோடு போராடவைக்கும் பயிற்சிகள் கொண்டது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய பிரபு அதற்கும் அடுத்த படியாக, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழகத்திலும் சில பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். பாடநூலில்லை, இலக்கண வரிசையில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று கேட்பது, வரைபடத்தைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொல்வது. பொருளில் மனம் குவிந்தால் மொழி தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. உலகெங்கும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆய்வாளர்கள் இன்றும் ‘பெங்களூர்த் திட்டம்’ என்று அதைப் பேசுகிறார்கள். நம் பொதுப் பாடநூல்களில் அது வேரூன்றவில்லை. எழுத்துத் தேர்வில் மதிப்பிடுவதற்கு எளிது மனப்பாடம்தான்.

என் மாணவர்களை வீட்டுத் தாள்களைக் கொண்டுவரச் சொன்னபோது நான் புதிதாக ஏதோ செய்வதாக நினைத்துக்கொண்டேன். பிரபு நாற்பதாண்டுக்கு முன்பே செய்த வேலையின் ஒரு துளி அது.

*

2010ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டமும், 2011 ஆகஸ்டில் அதை நடைமுறைப்படுத்துமாறு வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தமிழகப் பாடநூல் வரலாற்றில் பெரிய திருப்பம். அதுவரை மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகைப் பிள்ளைகளுக்கு நான்கு வகைப் பாடத்திட்டங்கள் இருந்தன. நெசவாளி மகனும் நகரத்து மருத்துவர் மகளும் ஒரே நூலைக் கையில் ஏந்தியதில் உள்ள நீதியை நான் மனமார மதிக்கிறேன். அதே வேளையில், வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கும் சாயப் பொட்டலத்தில் மட்டுமே ஆங்கிலத்தைக் காணும் பிள்ளைக்கும் ஒரே பக்கம் ஒரே பயனைத் தராது என்ற சிக்கலும் அன்றே தொடங்கியது.

2018, 2019 ஆண்டுகளில் வந்த பாடநூல்கள் அச்சிலும் அமைப்பிலும் முந்தியவற்றை வெகுதூரம் கடந்தவை. பத்தாம் வகுப்பு ஆங்கில நூலை எடுத்துக்கொள்வோம். பாய்மரக் கலத்தில் உலகைச் சுற்றிய இந்தியக் கடற்படைப் பெண்கள் அறுவரின் கதை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் தொழில்நுட்பம் பற்றிய பாடம் இருக்கிறது. சத்யஜித் ராய் இருக்கிறார். கேட்கவும் பேசவும் பயிற்சிகள் உண்டு. தேர்ந்தெடுத்தவர்களுக்கு நல்ல கண் இருந்தது என்பதில் ஐயமில்லை.

அதே நூலில் அல்போன்ஸ் தோதே எழுதிய ‘கடைசிப் பாடம்’ கதையும் உள்ளது. 1870களின் தொடக்கத்தில் பிரஷ்யாவிடம் பிரான்சு தோற்றபின், அல்சாஸ் பள்ளியில் இனிப் பிரெஞ்சு கற்பிக்கக்கூடாது என்று ஆணை வருகிறது. முதிய ஆசிரியர் தம் மொழியில் கடைசி வகுப்பை நடத்துகிறார். அந்தக் கதையை வீட்டில் கன்னடம் பேசும் ஒரு சின்னாளப்பட்டிப் பிள்ளை, தமிழ்நாட்டுப் பள்ளியில், ஆங்கிலத்தில் படிக்கிறது. எவ்வளவு பேசலாம்! உன் பாட்டி பேசும் மொழியில் உனக்கு எழுதத் தெரியுமா என்ற ஒரு கேள்வி போதும், வகுப்பு பொங்கி எழும். என் மாணவர்களிடம் அக்கதை பற்றிக் கேட்டேன். தலைப்பு நினைவிருந்தது. கைடில் இருந்த பத்தியின் முதல் வரியும் நினைவிருந்தது. அதற்குமேல் ஏதுமில்லை. நூல் கேட்போரைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. வாசலில் தேர்வு நின்று, வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே நோட்ஸை அனுப்பிவிடுகிறது.

இங்கே ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுசெய்ய 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துப் பயிற்சி நூல்களைத் தந்தது. ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பதால் எல்லாரும் ஒரே நிலையினர் அல்லர் என்று அரசின் பாடநூலே ஒப்புக்கொண்டது. கேட்போரைப் பார்த்து நூல் செய்யும் இந்த வழக்கம் சிறுவர் வகுப்போடு நின்றுவிடாமல் மேலேறி வர வேண்டும்.

*

பாடநூலை மதிப்பிட மேனாட்டு அறிஞர்கள் பல சட்டகங்களை வகுத்திருக்கிறார்கள். 1987இல் ஹட்சின்சனும் வாட்டர்சும் கற்போர் தேவையை மூன்றாகப் பிரித்தார்கள். நாளை அவருக்கு வேண்டியிருப்பது, இன்று அவரிடம் இல்லாதது, அவரே விரும்புவது. மூன்றாவதை நாம் கேட்பதேயில்லை. நான் கேட்டபோது வகுப்பில் வந்த விடைகள் பலவகை. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்துக்குத் தயக்கமின்றி மின்னஞ்சல் எழுத வேண்டும் என்றார் ஒருவர். அப்பா நெய்யும் சேலையை இணையத்தில் விற்க நாலு வரி எழுத வேண்டும் என்றார் இன்னொருவர். ஒரு மாணவி, “ஷேக்ஸ்பியரை முழுசாப் படிக்கணும் ஐயா” என்றார். பின்தங்கிய ஊர்ப் பிள்ளைக்குப் பயன்பாட்டு ஆங்கிலம் மட்டும் போதும் என்று நான் முடிவு கட்டியிருந்தால் அந்த மாணவிக்கு வெஸ்ட் செய்த பிழையையே நானும் செய்திருப்பேன்.

ஆகவே பயன்பாடா இலக்கியமா என்ற வழக்கில் நான் யாருக்கும் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நல்ல இலக்கியப் பகுதியும் மாணவரைப் பொருள் தேடவைத்தால் பயன் தருகிறது. விண்ணப்பப் படிவமும் மனப்பாடமானால் வீணாகிறது. ஒரு நூலைக் கையிலெடுத்ததும் நான் கேட்க விரும்புவது வெஸ்ட்டின் கேள்வியைத்தான். இதைப் பாதியில் விட்டுவிட்டுத் தறிக்கோ ஆலைக்கோ போகிற பிள்ளை எதை எடுத்துச் செல்லும்? பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு முப்பத்தைந்து பெற்று நின்றுவிட்ட பிள்ளையால் ஒரு சாயப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்க முடியுமானால், படிக்க வேண்டும் என்று தோன்றுமானால், அந்த நூலுக்குச் சரண்டர் மதிப்பு உண்டு. தேர்வில் அதற்கொரு கேள்வியும் வேண்டும். பாடநூலில் இல்லாத ஒரு பத்தியை, வீட்டில் காணக்கூடிய ஒரு தாளைக் கொடுத்து, இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ கேட்கலாம். நோட்ஸ் நுழைய முடியாத கேள்வி அது.

அந்த வாரத்துத் தாள்களை ஒரு கோப்பில் தொகுத்து வைத்திருக்கிறேன். ஆங்கிலத் துறை நண்பர் ஒருவர் அதைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். அடுத்த பருவத்தில் முதல் நான்கு வகுப்புகளை அதைக் கொண்டே நடத்திப் பார்க்கப் போவதாகச் சொன்னார். சாய உறை மட்டும் கோப்பில் இல்லை. அந்த மாணவி அதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதிலிருந்த எச்சரிக்கையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சாயத் தொட்டிக்கு மேல் சுவரில் ஒட்டியிருப்பதாகப் பிறகு சொன்னார். அப்பா கையுறை போட்டுக்கொள்கிறாரா என்று கேட்டேன்.

“சில நாள் போடுறார் ஐயா. கை வேர்க்குதுங்கிறார்.”

அதற்கு எந்த மொழிப் பாடநூலிலும் விடையில்லை. ஆனால் தெரிந்துதான் கழற்றுகிறார் என்ற அளவுக்கு நாங்கள் வந்திருக்கிறோம்.